கடைமடைக்கு அதிவேக ரயில்: தொலைவும் கூட்டமும் போடும் கணக்கு

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போய்க்கொண்டிருந்தபோது அய்யம்பேட்டையில் வண்டி நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறி, பிளாட்பாரம் காலியாகிவிட்ட பிறகும் நகரவில்லை. எதிர்வண்டி வரவேண்டும்; கிராசிங். சன்னலுக்கு வெளியே நட்டு இருபது நாள் ஆகியிருக்கும் சம்பாப் பயிர், வரப்பில் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு. எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்: “சீனாவில் ஆயிரம் கிலோமீட்டருக்குப் புல்லட் ரயில் விடுகிறார்களாம். சென்னைக்கும் நமக்கும் முந்நூறு கிலோமீட்டர்தானே தம்பி, இங்கே ஏன் விடக்கூடாது?”

நியாயமான கேள்வி. டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டே பதில்களைத்தான் கேட்கிறேன். ஒன்று, “நம்மைப் புறக்கணிக்கிறார்கள்.” மற்றொன்று, “அதெல்லாம் பணக்கார நாடுகளுக்கு.” இரண்டுமே கணக்கைத் தொடுவதில்லை. தொலைவில் இருக்கும் இரண்டு ஊர்களை, அதிலும் பெரிய மக்கள்தொகை இல்லாத ஊர்களை, அதிவேக ரயிலால் இணைப்பது எப்போது கட்டுபடியாகும், எப்போது ஆகாது என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. நம் வயலையும் வாய்க்காலையும் வைத்தே அவற்றைப் புரிந்துகொள்ள முடியும்.

முதலில், அதிவேகம் என்பது எவ்வளவு?

புதிதாகப் போடும் பாதையில் மணிக்கு 250 கி.மீ. அல்லது அதற்கு மேல், பழைய பாதையைச் சீரமைத்து ஓட்டினால் 200 கி.மீ. அளவு. உலக அளவில் பொதுவாக இதைத்தான் அதிவேக ரயில் என்கிறார்கள். நம்மூரில் வந்தே பாரத்தையும் புல்லட் ரயிலையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். வந்தே பாரத் 180 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டு, அதிகபட்சம் 160-இல் இயக்கப்படுகிற வண்டி. அந்த 160-ஐயும் அதற்குத் தகுந்த பாதை இருக்கும் இடத்தில்தான் தொடமுடியும். மும்பை–ஆமதாபாத் பாதையில் திட்டமிட்டிருப்பது 320 கி.மீ. இது வேறு ஒரு சாதி.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கேயே பிரித்துவைத்துவிடுவோம். வண்டி ஒரு கணத்தில் தொடும் மிக உயர்ந்த வேகம் உச்ச வேகம். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கிடைப்பது சராசரி வேகம். நாம் ஊர் போய்ச் சேரும் நேரத்தைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான். சென்னையிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்கு ரயில் பாதையில் ஏறத்தாழ 350 கி.மீ.; பயணம் ஆறு மணி நேரத்தை ஒட்டிப் போகிறது. சராசரி 60-ஐத் தொடுவதே பாடு. ஆனால் அதே வண்டி வழியில் 100 கி.மீ. வேகத்திலும் ஓடத்தான் செய்கிறது. இடைப்பட்ட வேகம் எங்கே போனது என்பதற்கு அய்யம்பேட்டைப் பிளாட்பாரமே சாட்சி.

விலை பாதையில் இருக்கிறது

வரப்பில் சைக்கிள் ஓட்டுகிறவன் மூலை திரும்பும்போது வேகத்தைக் குறைக்கிறான். அதே மூலையை மோட்டார் சைக்கிளில் வேகமாகத் திரும்ப முயன்றால் வயலுக்குள்தான் போய் விழவேண்டும். ரயிலுக்கும் இதே விதி. வேகம் இரண்டு மடங்கானால் வளைவு நான்கு மடங்கு விரிந்திருக்கவேண்டும். வளைவை ஒரு பெரிய வட்டத்தின் துண்டாக எண்ணிக்கொண்டால், அந்த வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து தண்டவாளம் வரையுள்ள தூரத்தை வளைவு ஆரம் என்கிறோம். 1964-இல் ஜப்பான் திறந்த முதல் அதிவேகப் பாதை 210 கி.மீ. வேகத்துக்காகப் போடப்பட்டது, அதற்கே 2,500 மீட்டர் ஆரம் வைத்தார்கள். 300-க்கு மேல் போகும் பாதைகளுக்கு 4,000 மீட்டரும் அதற்கு மேலும் தேவைப்படுகிறது. ஆகவே கோயிலையும் குளத்தையும் தெருவையும் ஒதுக்கிக்கொண்டு வளைந்து வளைந்து போகும் பழைய பாதையில் இந்த வண்டியை ஓடவிட முடியாது. புதுப் பாதைதான் போடவேண்டும், அதுவும் ஏறக்குறைய நேர்க்கோட்டில். அந்தப் பாதையை எந்தச் சாலையும் குறுக்கே கடக்கக்கூடாது. லெவல் கிராசிங் ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஆடு மாடு நுழையாதபடி நெடுகிலும் வேலி வேண்டும்.

காற்றும் விலை கேட்கும். வேகம் கூடும்போது காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில், அதாவது வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய கணக்கில், ஏறும். 110-இல் ஓடும் வண்டி 320-இல் ஓடினால் வேகம் மூன்று மடங்குதான். காற்றின் எதிர்ப்போ எட்டு மடங்குக்கும் மேல்.

இதை நம் மண்ணில் பொருத்திப் பார்ப்போம். கொள்ளிடத்தைத் தாண்டித் தெற்கே வந்தால் காவிரி, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வெண்ணாறு என்று ஆறுகள் அடுக்கடுக்காக வருகின்றன. அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், வாய்க்காலிலிருந்து பிரியும் சிறு கன்னி வாய்க்கால்கள், அவற்றோடு பின்னிக்கிடக்கும் வடிகால்கள். வண்டல் மண். மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பி அதன்மேல் தண்டவாளம் போட்டால், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு பக்கத்து வயல் வடியாமல் நிற்கும். பழைய ரயில் கரைகளை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. எனவே அதிவேகப் பாதையைத் தூண்கள்மேல் தூக்கிக் கட்டவேண்டும். அந்தத் தூண்களுக்கு வண்டலைத் துளைத்து ஆழமாக அடித்தளம் இறக்கவேண்டும். செய்யக்கூடிய வேலைதான், தொழில்நுட்பம் இருக்கிறது. செலவுதான் கூடும்.

சுருக்கமாக: அதிவேக ரயிலில் நாம் பெரும்பாலும் விலை கொடுப்பது வண்டிக்கு அல்ல, நேரான, தடையற்ற, தூக்கிக் கட்டிய புதுப் பாதைக்கு.

அறுவடை இயந்திரக் கணக்கு

எங்கள் ஊரில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் சொந்தமாக அறுவடை இயந்திரம் வாங்கமாட்டார். ஈர வயலில் இறங்கும் பெல்ட் வண்டி பல லட்சம் ரூபாய். அது அவர் வயலை அறுக்க இரண்டு மூன்று மணி நேரம் போதும். மீதி நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும், கடன் தவணை மட்டும் நிற்காது. அதே இயந்திரத்தை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய் நூற்றுக்கணக்கான ஏக்கர் அறுப்பவருக்குக் கட்டுபடியாகிறது. இயந்திரம் ஒன்றே. அறுக்கும் ஏக்கர்தான் வேறு.

ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொடுத்தாகவேண்டிய தவணை போன்ற செலவுக்கு நிலைச் செலவு என்று பெயர். டீசல், ஓட்டுநர் கூலி போல ஓட ஓட ஆகும் செலவு ஓட்டச் செலவு. அதிவேக ரயிலின் செலவில் பெரும்பகுதி நிலைச் செலவு. பாதை போட்டாகிவிட்டால், ஒரு நாளைக்குப் பத்துப் பேர் போனாலும் ஒரு லட்சம் பேர் போனாலும் அந்தத் தவணை மாறுவதில்லை. அதைத் தலைக்கு எவ்வளவு என்று பிரிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது திட்ட மதிப்பீடு அல்ல. அளவு எவ்வளவு பெரியது என்று கண்ணுக்குத் தெரிவதற்காக நானே போடுவது. மும்பை–ஆமதாபாத் பாதை 508 கி.மீ.; தொடக்கத்தில் சொல்லப்பட்ட மதிப்பீடு ரூ.1.08 லட்சம் கோடி. கிலோமீட்டருக்கு 200 கோடிக்குச் சற்று மேல். சென்னை–தஞ்சைக்கு நேர்ப்பாதை 300 கி.மீ. என்றும், கிலோமீட்டருக்கு 200 கோடி என்றும் வைத்துக்கொண்டால் ரூ.60,000 கோடி ஆகிறது. ஆண்டுக்கு 5 சதவீதம் வட்டி என்றால் 3,000 கோடி. நாளொன்றுக்கு எட்டு கோடிக்கு மேல். ஒரு பயணியின் டிக்கெட்டில் ஓட்டச் செலவு போக 1,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று தாராளமாகவே வைத்தாலும், வட்டியை மட்டும் கட்ட நாள்தோறும் 82,000 பேர் பயணம் செய்யவேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தஞ்சை நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 2.2 லட்சம். பச்சைக் குழந்தை முதல் கிழவி வரை மூன்றில் ஒருவருக்கு மேல், தினமும்.

“ஜப்பான் கடன் வட்டியே இல்லாததுபோலத்தானே தருகிறது?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். சரியான குறுக்குக் கேள்வி. மும்பை–ஆமதாபாத் திட்டச் செலவில் 81 சதவீதத்தை 0.1 சதவீத வட்டியில், 50 ஆண்டுத் தவணையில் தர ஜப்பான் முன்வந்தது. நமக்கும் வட்டியே இல்லாமல் முழுத் தொகையும் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அசலை 50 ஆண்டில் திருப்ப, ஆண்டுக்கு 1,200 கோடி. அப்போதும் நாளொன்றுக்கு 33,000 பேர் வேண்டும். வட்டி குறைந்தால் மலை சிறிதாகிறது, மறைந்துவிடுவதில்லை.

இரண்டு ஊர்களுக்கு இடையே எத்தனை பேர் போவார்கள்?

சின்ன ஊர்ச் சந்தைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் வருவார்கள். பெரிய சந்தைக்கு இருபது மைல் தாண்டியும் வருவார்கள். ஊர் பெரிதாக இருந்தால் இழுக்கும் வலு கூடும். தூரம் அதிகமானால் அது குறையும். போக்குவரத்துத் திட்டமிடுகிறவர்கள் இதை ‘ஈர்ப்பு மாதிரி’ (gravity model) என்கிறார்கள். இரண்டு ஊர்களின் மக்கள்தொகையையும் பெருக்கி, தூரத்தால், பல நேரங்களில் தூரத்தின் இருமடியால், வகுத்துப் பார்ப்பது. துல்லியமான தராசு அல்ல, கைமதிப்புதான். ஆனால் பெரிய தவறுகளிலிருந்து காப்பாற்றும்.

முதல் அதிவேகப் பாதையையே எடுத்துக்கொள்வோம். டோக்கியோ–ஒசாகா, 515 கி.மீ. டோக்கியோ பெருநகர வட்டாரத்தில் 3.7 கோடி பேர், ஒசாகா வட்டாரத்தில் ஏறத்தாழ 1.9 கோடி, நடுவில் நகோயா, கியோட்டோ. அந்தப் பாதையில் கொரோனாவுக்கு முன் நாள்தோறும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். 1,323 இருக்கைகள் கொண்ட வண்டிகள் சில நிமிடங்களுக்கு ஒன்றாகப் புறப்படுகின்றன. சென்னை வட்டாரத்தின் 87 லட்சத்தையும் தஞ்சையின் 2.2 லட்சத்தையும் இதே ஈர்ப்புக் கணக்கில் போட்டால், தூரம் குறைவு என்ற சலுகையைக் கொடுத்த பிறகும், டோக்கியோ–ஒசாகாவின் ஈர்ப்பு நூறு மடங்குக்கும் மேல்.

இங்கே ஒரு மறுப்பு வரும், வரவேண்டும். டெல்டா என்ன பாலைவனமா? தஞ்சை மாவட்டத்தில் மட்டும் 24 லட்சம் பேர் இருக்கிறார்களே? உண்மை. ஆனால் அந்த 24 லட்சத்தில் தஞ்சை நகரத்தில் இருப்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. கும்பகோணத்தில் 1.4 லட்சம். அடுத்த மாவட்டங்களில் நாகப்பட்டினம் ஒரு லட்சம், மயிலாடுதுறை 85 ஆயிரம். மீதிப் பேர் ஆற்றங்கரை நெடுக, வாய்க்கால் நெடுக, ஒரு கூப்பிடு தூரத்துக்கு ஒரு தெருவாகப் பரவிக்கிடக்கிறார்கள். தண்ணீர் எங்கும் பாய்ந்ததால் மக்களும் எங்கும் குடியேறினார்கள். இந்த நிலத்தின் அழகும் அதுதான். ஆனால் அதிவேக ரயிலின் கண்ணுக்கு, பரவிக்கிடக்கும் 24 லட்சமும் ஒரே நிலையத்தைச் சுற்றி இருக்கும் 24 லட்சமும் ஒன்றல்ல. வேதாரண்யத்துக்காரர் தஞ்சை நிலையத்துக்கு வர நூறு கி.மீ. பஸ்ஸில் வரவேண்டும்.

இதற்கு நேரெதிர் காட்சி ஆஸ்திரேலியா. நிலப்பரப்பு 77 லட்சம் சதுர கி.மீ., மக்கள்தொகை தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. அங்கே அடிலெய்டுக்கும் பெர்த்துக்கும் இடையே நல்லர்பார் சமவெளியில் 478 கி.மீ. தூரத்துக்கு ஒரு வளைவுகூட இல்லாத ரயில் பாதை இருக்கிறது. உலகின் மிக நீளமான நேர்ப்பாதை. நிலம் வாங்கச் சண்டை இல்லை, வளைவு இல்லை, வாய்க்கால் இல்லை. அதிவேக ரயிலுக்கென்றே செய்ததுபோன்ற இடம். ஆனாலும் அங்கே வராது. இரண்டு நகரங்களுக்கும் சாலையில் 2,700 கி.மீ.; 300 கி.மீ. வேகத்தில் நிற்காமல் ஓடினாலும் ஒன்பது மணி நேரம். விமானம் மூன்று மணி நேரத்தில் போய்விடும். இரண்டு நகரங்களும் லட்சங்களில்தான் அளக்கப்படுகின்றன. நடுவில் ஏறுவதற்கு ஆளே இல்லை.

மக்கள் நெருக்கமான கிழக்குக் கரையையும் அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிரிஸ்பேனிலிருந்து சிட்னி வழியாக மெல்போர்னுக்கு 1,748 கி.மீ.; 2013-இல் வெளிவந்த அரசு ஆய்வு அதற்கு 114 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் ஆகும் என்றது. நடுவே நிலம் காலியாக இருப்பது கட்டுமானத்தைச் சற்று மலிவாக்கும். பயணிகளை அது கொண்டுவராது.

சுருக்கமாக: மொத்தத் தூரத்தில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதைவிட, ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி எத்தனை பேர் நெருங்கி வாழ்கிறார்கள் என்பதே பயணிகள் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது.

எவ்வளவு தூரம் சரியான தூரம்?

வீட்டு வாசலில் செருப்பை மாட்டியதிலிருந்து போய்ச் சேரும் வீட்டு வாசலில் கழற்றும் வரை ஆகும் மொத்த நேரத்தை வாசல்–வாசல் நேரம் என்று வைத்துக்கொள்வோம். விமானத்தில் பறக்கும் நேரம் ஒரு மணி என்றாலும், விமான நிலையம் போக, சோதனையில் நிற்க, பெட்டிக்குக் காத்திருக்க, திரும்ப ஊருக்குள் வர என்று இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். காருக்கும் பஸ்ஸுக்கும் அந்தக் கூடுதல் இல்லை. ஆனால் வேகம் குறைவு. அதிவேக ரயில் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 200 கி.மீ.க்குக் குறைந்தால் காரே போதும் என்று தோன்றும். 800 கி.மீ.யைத் தாண்டத் தாண்ட விமானம் முந்தத் தொடங்கும். இடைப்பட்ட தூரம்தான் இந்த ரயிலின் சொந்த நிலம். மாட்ரிட்–பார்சிலோனா 621 கி.மீ., ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். 2008-இல் பாதை திறந்த பிறகு விமானப் பயணிகள் பெருமளவில் ரயிலுக்கு மாறினார்கள்.

இந்த அளவுகோலில் சென்னை–தஞ்சை 300 கி.மீ. அருமையான தூரம். பெரியவர் சொன்னதில் தூரத்தைப் பற்றிய பாதி சரி. குறைவது மறுமுனையில் இருக்கும் கூட்டம்.

ஒவ்வொரு ஊரிலும் நின்றால் என்ன?

“அப்படியானால் செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று ஏழு ஊரில் நிறுத்தி எல்லாரையும் ஏற்றிக்கொள்ளட்டுமே?” இதுவும் நன்றாகத் தோன்றும் வழி. அறுவடை இயந்திரத்துக்காரரைக் கேட்டால் தெரியும். பத்து ஏக்கர் ஒரே தாக்காக இருந்தால் ஒரு நாளில் முடிந்துவிடும். அதே பத்து ஏக்கர் பத்து இடத்தில் சிதறிக்கிடந்தால், இயந்திரம் ஏறி இறங்குவதிலேயே பொழுது போய்விடும்.

300 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி மெதுவாகி, இரண்டு நிமிடம் நின்று, மீண்டும் அந்த வேகத்தைத் தொடுவதற்குள் ஏறத்தாழ ஆறு நிமிடத்தை இழக்கிறது. மறுபடி முழு வேகம் பிடிக்க மட்டும் பன்னிரண்டு, பதினான்கு கிலோமீட்டர் ஓடவேண்டும். 200 கி.மீ. வண்டி ஒரு நிறுத்தத்துக்கு இழப்பது நான்கு நிமிடம். இப்போது கூட்டிப் பாருங்கள். சென்னை–தஞ்சை நிற்காமல் போனால் 300 கி.மீ. வண்டிக்கு ஒரு மணி 4 நிமிடம், 200 கி.மீ. வண்டிக்கு ஒன்றரை மணி. ஏழு இடத்தில் நின்றால் முதலாவதற்கு ஒரு மணி 46 நிமிடம், இரண்டாவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி. வித்தியாசம் கால் மணி நேரத்துக்குள் சுருங்கிவிடுகிறது. அந்தக் கால் மணிக்காகத்தான் பாதையின் விலை ஏறுகிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது.

இரண்டு ஊருக்கும் பொதுவாக நடுவயலில் ஒரு நிலையம் வைப்பது இன்னொரு யோசனை. பிரான்சில் 1994-இல் அமியான், சான்-கான்தான் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே, இரண்டிலும் இல்லாமல், ஓட்-பிகார்டி என்று ஒரு நிலையம் திறந்தார்கள். சுற்றிலும் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வயல். மக்கள் அதற்கு வைத்த பெயர் பீட்ரூட் நிலையம். வயலில் இறங்குகிறவர் ஊருக்குப் போக மறுபடி ஒரு வண்டி பிடிக்கவேண்டும். ரயில் மிச்சப்படுத்தித் தந்த நேரம் அங்கேயே கரைந்துவிடுகிறது. பாபநாசத்துக்கும் திருவையாற்றுக்கும் நடுவே நெல் வயலில் இறங்கிக் கையில் பெட்டியோடு நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

போகிற வழியில் இருக்கும் ஊரும், கடைசியில் இருக்கும் ஊரும்

சிறிய ஊர்களுக்கு அதிவேக ரயிலால் பயனே கிடையாதா? கிடைக்கிறது. எங்கே கிடைக்கிறது என்பதை நம்மைவிட எளிதாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் யாரும் இருக்க முடியாது.

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து பிரியும்போது ஆறு அகலமாக இருக்கிறது. கிழக்கே போகப் போகக் கிளை பிரிந்து, வாய்க்காலாகி, கடைமடையில் ஒரு தாவலில் தாண்டிவிடும் அளவுக்குச் சுருங்குகிறது. கடைமடையில் பாயவேண்டிய நிலத்தின் அளவுக்குத்தான் அங்கே வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். காவிரியின் அகலத்திலேயே கடல் வரை வெட்டவில்லை. அதே நேரம், பெரிய வாய்க்கால் போகிற வழியில் இருக்கும் சிறிய வயலுக்கும் ஒரு மதகு வைத்தால் தண்ணீர் கிடைத்துவிடும். அந்த வயலுக்காக யாரும் வாய்க்கால் வெட்டவில்லை. வாய்க்கால் போவதால் அது பயனடைகிறது.

ஸ்பெயினின் சியுதாத் ரியால் இப்படி ஒரு மதகு வயல். முக்கால் லட்சம் பேர் உள்ள ஊர். 1992-இல் மாட்ரிட்–செவில்யா அதிவேகப் பாதை இந்த ஊர் வழியாகப் போனது. இன்று அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மாட்ரிட் போய் வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பெருநகரங்கள் பாதைக்கு விலை கொடுத்துவிட்டன. நடுவில் இருக்கும் சிற்றூருக்கு அந்த நன்மை ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்தது. அதே நாட்டில் தொலேதோ, குவென்கா, அல்பசேத்தே என்ற சிறிய ஊர்களை மட்டும் நேராக இணைத்து 2010-இன் இறுதியில் ஓர் அதிவேகச் சேவை தொடங்கினார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக ஒன்பது பேர்தான் பயணம் செய்ததாகச் செய்திகள் வந்தன. 2011 நடுவில் அதை நிறுத்திவிட்டார்கள். ஒரே நாடு, ஒரே தொழில்நுட்பம். முதல் ஊர் இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவில் இருந்தது. இரண்டாவது சேவையின் இரு முனைகளிலுமே பெரிய ஊர் இல்லை.

சீனாவில் எப்படி முடிந்தது?

பெய்ஜிங்–ஷாங்காய் 1,318 கி.மீ.; 2011-இல் திறந்தார்கள்; வேகமான வண்டிகள் நாலரை மணி நேரத்தில் போகின்றன. தூரம் அதிகம்தான். ஆனால் இரு முனைகளிலும் தலா இரண்டு கோடிக்கு மேல் மக்கள். வழியில் தியான்ஜின், ஜினான், நான்ஜிங் என்று ஒவ்வொன்றும் பெருநகரம். லாபத்தில் ஓடுகிற பாதை அது. 2014-இல் லான்ஜோவிலிருந்து மேற்கே உரும்சி வரை 1,776 கி.மீ. போட்டார்களே, அது வேறு கதை. பாலைவனமும் வறண்ட மலையுமாகப் போகும் அந்தப் பாதையை டிக்கெட் வருமானத்துக்காகப் போடவில்லை. தொலைவில் இருக்கும் மேற்குப் பகுதியை நாட்டோடு இறுகப் பிணைப்பதும், பழைய பாதையைச் சரக்கு வண்டிகளுக்கு விடுவிப்பதும் அரசின் நோக்கங்கள். நாட்டின் நலனுக்காக நட்டத்தைத் தாங்கிக்கொள்வது தவறு என்று நான் சொல்லமாட்டேன். நம் டவுன் பஸ்ஸும் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் தாங்கப்போகும் நட்டம் எவ்வளவு, அதே பணத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டு தாங்கவேண்டும்.

ரயில் வந்தால் ஊர் வளராதா?

வளரலாம். ரயில் மட்டுமே வளர்த்துவிடாது. டெல்டாவில் இதற்கு நாகப்பட்டினத்தைப் பார்த்தால் போதும். 1861–62-இல் நாகப்பட்டினம்–திருச்சி பாதை திறந்தபோது தென்னிந்தியாவின் தொடக்ககால ரயில் பாதைகளில் அது ஒன்று. துறைமுகம் இருந்தது, ரயில்வே தொழிற்கூடம் இருந்தது, ஊர் செழித்தது. 1920களின் இறுதியில் தொழிற்கூடம் பொன்மலைக்குப் போனது. துறைமுகத்தின் வாணிகமும் மெல்ல ஒடுங்கியது. தண்டவாளம் அங்கேயே இருந்தது. வேலை போன இடத்துக்கு மக்கள் போனார்கள். விரைவான பாதை இரண்டு பக்கமும் ஓடும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்: சென்னையின் வேலையை அது தஞ்சைக்குக் கொண்டுவரலாம், தஞ்சையின் மருத்துவரையும் துணிக்கடைக் கூட்டத்தையும் சென்னைக்குக் கொண்டுபோகவும் செய்யலாம்.

நம் பாதையில் எங்கே நேரம் போகிறது?

மறுபடி அய்யம்பேட்டைக்கு வருவோம். விழுப்புரம்–மயிலாடுதுறை–தஞ்சை பாதை மின்மயமாகிவிட்டது. ஆனால் ஒற்றைப் பாதை. ஒரே தண்டவாளத்தில் இரு திசை வண்டிகளும் போகவேண்டும் என்பதால், ஒன்று நிலையத்தில் ஒதுங்கி நின்று மற்றொன்றுக்கு வழிவிடுகிறது. இதுதான் கிராசிங். ஒரு வண்டி தாமதமானால் அது அடுத்த வண்டியையும் பிடித்து இழுக்கும். கூடுதல் வண்டி கேட்டால் விட இடமில்லை. இரட்டைப் பாதை வேண்டும் என்பது இந்தப் பகுதியின் நீண்ட நாள் கோரிக்கை. அது வந்து, முக்கியமான லெவல் கிராசிங்குகளுக்குப் பாலம் போட்டு, வளைவுகளில் இயன்றவற்றை நேராக்கி, 130 கி.மீ. வேகத்துக்குப் பாதையை உயர்த்தினால் சராசரி 85, 90-ஐத் தொடுவது எட்டாத கனவு அல்ல. ஆறு மணிப் பயணம் நான்கு மணியாகும். அந்தப் பயன் தஞ்சைக்காரருக்கு மட்டும் கிடைப்பதாக இருக்காது. பண்டாரவாடையிலும் ஆடுதுறையிலும் குத்தாலத்திலும் ஏறுகிறவருக்கும் கிடைக்கும்.

என்றாவது தமிழ்நாட்டில் வடக்கு தெற்காக ஓர் அதிவேகப் பாதையைக் கணக்குப் பார்ப்பதென்றால், சென்னை–திருச்சி–மதுரையைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன். ஏறத்தாழ 490 கி.மீ.; ஒரு முனையில் சென்னை, மறுமுனையில் பத்து லட்சத்தைத் தாண்டிய மதுரை, நடுவில் எட்டரை லட்சம் பேர் உள்ள திருச்சி. அதுவும் எளிதில் கட்டுபடியாகும் என்று சொல்லிவிட முடியாது; மேலே போட்ட எல்லாக் கணக்கையும் அதற்கும் போடவேண்டும். ஆனால் அது வந்தால் திருச்சிதான் நமக்கு மதகு. தஞ்சையிலிருந்து திருச்சிக்கு 50 கி.மீ., ஏற்கெனவே இரட்டைப் பாதை.

இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம் முழுதாகச் சொல்ல நேரம் இருக்கவில்லை. தஞ்சை வந்துவிட்டது. மதகைப் பற்றி மட்டும் சொன்னேன். வெற்றிலைப் பெட்டியை மூடிப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்: “அப்படியென்றால் கும்பகோணத்திலிருந்து திருச்சிக்கு அரை மணிக்கு ஒரு வண்டி விட்டால் போதுமே தம்பி. அதற்கும் இந்தத் தண்டவாளத்தில் இடம் வேண்டுமே?”